இருபதோடு நிறுத்து

"இருபது தடவை. அதுக்கு மேல ஒண்ணுகூட கிடையாது," என்றேன்.

கோச் எபேர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வெளியே ஆகஸ்ட் வெயிலில் பையன்கள் ஓர் இரும்புச் சட்டத்தைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் மகன் ஜெவோனும் ஒருவன். செயின்ட் ஒடீல் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் பாய்கிறவன் அவன்தான். மற்ற பத்துப் பேரும் அவனுக்கு வழி திறந்துவிடப் பிறந்தவர்கள் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் நினைப்பு. கோச்சுக்கும் அதே நினைப்பு.

"மிஸ் வெர்லீன், நல்ல குதிரை கையில இருக்கும்போது நான் எதுக்கு நடக்கணும்?"

"இன்னொரு தடவை என் பையனைக் குதிரைன்னு சொல்லுங்க, நாளைக்கே பக்கத்து ஊர் ஸ்கூல்ல சேத்துடுறேன். எங்க சித்தி வீடு அங்கதான் இருக்கு."

சிரிப்பு நின்றது. மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நியாயம் பேச ஆரம்பித்தார். "அவனுக்குச் சூடு ஏறணும்மா. மொத பத்து தடவை மூணு கஜம், நாலு கஜம்னுதான் போவான். அதுக்குள்ள எதிராளிக்கு மூச்சு வாங்கும். அப்புறம்தான் இவன் கிளம்புவான். முப்பதாவது தடவை ஓடுறப்பதான் ஊரே எந்திரிச்சு நிக்கும். உங்க அண்ணனைக் கேட்டுப் பாருங்க."

"அண்ணனைக் கேக்க வேண்டாம். தினம் பாக்குறேனே, அது போதும்."

என் அண்ணன் லூஷன் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார். இதே பள்ளிக்கூடத்துக்காக, மாநில இறுதி ஆட்டத்தில், கொட்டுகிற மழையில் நாற்பத்தொரு தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். ஜெயித்தார்கள். அன்று போட்டிருந்த சட்டை முடிதிருத்தும் கடையில் இன்றும் கண்ணாடிக்குள் தொங்குகிறது. இப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது. எந்தப் படியானாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவார். முன்பக்கமாக இறங்க முழங்கால் இடம் கொடுக்காது. கரும்பு ஆலையில் லாரிகளை எடை போடும் கூண்டில் உட்கார்ந்த வேலை. வருத்தமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கோபம் பொத்துக்கொண்டு வரும். "இப்பவும் பந்தைக் கொடு, ஓடிக் காட்டுறேன்" என்பார். இதைச் சர்ச் படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே சொல்வார்.

"அவனுக்குப் பதினேழு வயசு," என்றேன் கோச்சிடம். "நான் சரின்னு சொன்னாத்தான் அவன் களத்துல இறங்க முடியும். இருபது உங்களுக்கு. மிச்சத்தைத் தியோவுக்குக் கொடுங்க. பாவம், மூணு வருஷமா கோட்டுக்கு வெளியில நின்னு கை தட்டிட்டு இருக்கான்."

கோச் எழுந்து கையை நீட்டினார். மனுஷர் வாக்குத் தவறாதவர். அவருடைய அம்மாவையும் எனக்குத் தெரியும்.

வாக்கை நம்பினேனே தவிர அவருடைய ஞாபகசக்தியை நம்பவில்லை. ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் அவருக்குத் தன் பெயரே மறந்துவிடும். அதனால் முதல் ஆட்டத்துக்கே பள்ளிச் சமையலறையிலிருந்து அண்டா மூடியையும் கரண்டியையும் கையோடு கொண்டுபோனேன். எனக்கு வேலை அங்கேதான். ஜெவோன் பந்தோடு ஓடி விழுந்ததும் மூடியில் ஓர் அடி, தொண்டை கிழிய ஓர் எண். முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த ஆட்டத்தில் என் வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த ஆட்டத்தில் நான் மூடியைத் தட்டினால் போதும், எங்கள் பக்கத்துக் கூட்டம் மொத்தமும் "ஏழு!" "எட்டு!" என்று கத்தும். கைக்குழந்தைகூட அந்த வருஷம் இருபதுவரை எண்ணக் கற்றுக்கொண்டது. எங்கள் பாதிரியார் மட்டும் ராசியில்லாத பதின்மூன்றைச் சொல்லமாட்டார், அந்த ஒன்றுக்கு வாயை மூடிக்கொள்வார்.

"இருபது!" என்று கூட்டம் முழங்கியதும் கோச் திரும்பி என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொடுவார். அதற்குப் பிறகு ஜெவோன் களத்தில் சும்மா நிற்பான்; பந்து தியோவிடம் போகும். தியோ ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. ஜெவோனைத் துரத்தித் துரத்தி நாக்குத் தள்ளிப்போனவர்களுக்கு நடுவில் புதுக் காலோடு இறங்கினால் அவனுக்குக் கொண்டாட்டம்தான். வாராவாரம் ஜெயித்தோம். முப்பதாவது தடவைதான் ஊர் எழுந்து நிற்கும் என்ற கோச், அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நான் தலை நிமிர்ந்து நடந்தேன், மறைப்பானேன்.

கரும்பு வெட்டு ஆரம்பித்து ஊர் முழுக்க வெல்லப்பாகு வாசம் அடிக்கும்போது டூப்ரே ஊரோடு ஆட்டம் வந்தது. அவர்கள் ஊர் மைதானம். நாங்கள் இரண்டு பஸ் பிடித்துப் போய் அங்கேயும் எண்ணினோம். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நாலாம் பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் "இருபது!" என்று கத்தினோம். டூப்ரே கோச் ஒரு கையைத் தூக்கினார், அவ்வளவுதான். அதுவரை ஜெவோனை நிழலாகத் தொடர்ந்த இரண்டு தடியன்கள் அவனை அம்போவென்று விட்டுவிட்டுத் தியோமீது பாய்ந்தார்கள். அடுத்த தடவையும் தியோமீது. அதற்கடுத்த தடவையும். பாவம் அந்தப் பிள்ளைக்கு மூச்சு விடக்கூட இடம் இல்லை. ஜெவோன் ஓரமாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவனைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. தோற்றோம்.

பஸ்ஸில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. இனி ஜெவோனுக்குப் பந்து வராது என்ற செய்தியை நாங்களே ஊர்கூடி, மூடி தட்டி, எதிராளிக்குச் சொல்லியிருக்கிறோம். இப்படிப்பட்ட புத்திசாலிகள் எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இருக்கமாட்டார்கள்.

கத்தியது ஊர், பழி என் தலையில். திங்கட்கிழமை சாப்பாட்டு வரிசையில் சரித்திர வாத்தியார் தட்டை நீட்டிக்கொண்டு, "மிஸ் வெர்லீன், சோறும் இருபது பருக்கைதானா?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே ஒரு கரண்டி குறைத்துத்தான் போட்டேன். மளிகைக் கடையில் தியோவின் அப்பா ப்ரூசார் என்னை மறித்தார்.

"உன் பையனுக்கு அடிபடக் கூடாது, சரி. என் பையன் என்ன வைக்கோல் பொம்மையா? அன்னைக்கு அவன் வாங்கினதை யாரு எண்ணினா?"

வாங்க வந்த எண்ணெயை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஜெவோன் வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். உப்பு வேண்டுமென்றால்கூட அவன் மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நாக்-அவுட் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு மதியம் கோச் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் கம்போக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி வெண்டைக்காயை நறுக்கிக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அவருடையது. கோச்சுக்கும் ஒரு கிண்ணம் வைத்தேன்.

"சனிக்கிழமை மார்ஸோ ஊரோட ஆட்டம். தோத்தா இந்த வருஷம் முடிஞ்சுது," என்றார். "இந்த ஒரு ஆட்டத்துக்கு என் வாக்குலேருந்து என்னை விட்டுடுங்க, மிஸ் வெர்லீன். முப்பது. கெஞ்சிக் கேக்குறேன்."

"நாப்பதுன்னு கேளுய்யா, என்ன பிச்சை எடுக்குற மாதிரி," என்றார் அண்ணன்.

"நீ வெண்டைக்காயைப் பாரு," என்றேன்.

குளியல் தொட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி அதில் உட்கார்ந்திருந்த ஜெவோன் பேச்சுக் கேட்டு எழுந்து வந்தான், இடுப்பில் துண்டோடு. கோபத்தை மறந்து என்னிடமே பேசினான்.

"என்னால முடியும்மா. என்னைப் பாரு, எனக்கு என்ன கேடு? ஒண்ணும் ஆகல."

பார்த்தேன். கிண்ணம் எடுக்க அவன் திரும்பியபோது முதுகையும் பார்த்தேன். விலாவிலிருந்து இடுப்புவரை கத்தரிக்காய் நிறம்.

"நில்லுடா. இது எப்ப பட்டது?"

"ஆட்டத்துலதான்."

"இந்தப் பக்கமா நீ விழவே இல்லையே. ஒவ்வொண்ணையும் பாத்துதானே எண்ணினேன்."

"அது பந்தோட விழுந்தது. இது பந்து இல்லாம விழுந்தது."

"பந்து இல்லாம எதுக்குடா விழுற?"

சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான். "ரெமிதானே மொதல்ல பந்தை வாங்குவான்? எனக்குக் கொடுக்கிற மாதிரி கையை நீட்டிட்டு, சட்டுனு தியோகிட்ட கொடுத்துடுவான். நான் வெறுங்கையை வயித்தோட அணைச்சுக்கிட்டு உள்ள பாய்வேன். பந்து எங்கிட்ட இருக்குன்னு நெனைச்சு எல்லாரும் எம்மேல வந்து விழுவானுங்க."

"எல்லாரும்னா?"

"சில நேரம் மூணு பேர். சில நேரம் நாலு. நான் ரொம்ப நல்லா ஏமாத்துறேன்னு கோச்சே சொன்னாரு."

கோச் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "பந்தோட இருபதுன்னுதானே பேச்சு," என்றார், தலையைத் தூக்காமல். "பந்தோட இருபதைத் தாண்டலையே, மிஸ் வெர்லீன்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. "நாலு தடிமாடுங்க மேல வந்து விழும்போது, 'தம்பி, உங்கிட்ட பந்து இருக்கா இல்லையா'ன்னு விலா எலும்பு விசாரிக்குமா? வாக்கைக் காப்பாத்துனீங்க, சரி. பையனைக் காப்பாத்துனீங்களா?"

"நான்கூட வெறுங்கையோட விழுந்தது எவ்வளவோ உண்டு," என்று அண்ணன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பிறகு என்ன தோன்றியதோ, சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழம்பைக் கிண்ட ஆரம்பித்தார்.

"மா, நீ ஏன் இப்படிப் பயப்படுற?" என்றான் ஜெவோன்.

"பயம்தான்டா. சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல. அடுத்த வருஷம் நீ காலேஜுக்குப் போயிடுவ. அங்க மைதானத்துல எழுபதாயிரம் பேர் உக்காந்திருப்பாங்க. இன்னும் ஓடு, இன்னும் ஓடுன்னுதான் கத்துவாங்க. போதும்னு சொல்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. உனக்கா நிறுத்தத் தெரியுமா? உங்க மாமாவுக்குத் தெரிஞ்சுதா?"

நான் கோச்சுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முப்பதும் இல்ல, நாப்பதும் இல்ல. இனிமே நான் பந்தை எண்ணப் போறது இல்ல. விழுறதை எண்ணுவேன். பந்து இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. இருபது விழுந்தா நிறுத்து."

"ஐயோ, அப்ப பதிமூணு பதினாலு தடவை பந்து கொடுக்குறதுக்குள்ள உங்க இருபது வந்துடுமே!" கோச்சுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "ஊரே இருபதுன்னு கத்தும். மார்ஸோக்காரன் அதைக் கேட்டுட்டு, இவன் வேலை முடிஞ்சுதுன்னு இவனை விட்டுட்டு..."

அங்கே நின்றது பேச்சு. கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"இவனை விட்டுட்டு?" என்றேன்.

"தியோமேல பாய்வான்," என்றார் மெதுவாக. "இவன்கிட்ட ஒரு ஈ காக்கா இருக்காது."

"ஒண்ணு தர்றேன்," என்றேன். "இருபதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆனா இவனைச் சுத்தி ஆள் இல்லாதப்பதான் எடுக்கணும். அதுவரைக்கும் இவன் ஓரமா நிக்கணும், அன்னைக்கு டூப்ரேயில நின்னானே அதே மாதிரி."

"மொத்தமே பதினஞ்சா?" என்று ஜெவோன் முனகினான். "அது கல்யாண வீட்டுல ஓடிப் பிடிச்சு விளையாடுற கணக்கு, மா."

ஆனால் கோச் அதற்குள் எழுந்து நின்று என் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நான்கு பேரும் பேசிக்கொண்டோம். எங்கள் ஊரில் ஒரு ரகசியம் மத்தியானச் சாப்பாடுவரை தாங்கினால் பெரிய விஷயம்.

சனிக்கிழமை மதியம் எங்கள் மைதானம் நிரம்பி வழிந்தது. ஆலையில் ஒரு ஷிஃப்டையே தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார்கள். அண்ணன் என் பக்கத்தில், கீழ்வரிசையில், காலை நீட்டி உட்கார வசதியாக. அந்தப் பக்கம் ப்ரூசார். எதிர்ப்பக்கக் கோட்டருகே மார்ஸோ கோச் ஆட்டம் தொடங்கும்முன்பே எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் காதைத் தடவிக்கொண்டு நின்றார். இருபதுக்கு மேல் ஜெவோனுக்குப் பந்து வராது என்ற டூப்ரே சேதி அவரிடம் போயிருக்கிறது என்று புரிந்தது. நல்லது, நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

முதல் ஐந்து தடவை உண்மைக் கணக்கு. ஆறாவது தடவை ரெமி ஜெவோனிடம் கொடுப்பதுபோல் காட்டிப் பந்தைத் தியோவிடம் கொடுத்தான். ஜெவோன் வெறுங்கையோடு கூட்டத்துக்குள் விழுந்தான், மூன்று பேர் அவன்மேல். நான் மூடியில் ஓங்கி ஓர் அடி அடித்து "ஆறு!" என்றேன்.

"ஏய் வெர்லீன்," ப்ரூசார் என் முழங்கையை இடித்தார். "அது தியோகிட்ட இருந்துச்சு. என் பையனைக்கூடவா எனக்கு அடையாளம் தெரியாது?"

"உனக்குக் கண்ணாடி மாத்தணும். ஆறு!"

"ஆறு!" என்று கத்தியது கூட்டம். இத்தனை மாதம் என் மூடியை நம்பிப் பழகிய கூட்டம், அது சொன்ன இடத்தில் கத்தும். ப்ரூசார் என்னை உற்றுப் பார்த்தார். அடுத்த பொய் ஓட்டத்துக்கும் நான் தட்டினேன். அப்போது அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. அதற்குப் பிறகு எனக்கு முன்பாகவே அவர் கத்த ஆரம்பித்தார்.

மார்ஸோக்காரர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். பொய் சொல்லமாட்டேன், எங்களை உலுக்கி எடுத்தார்கள். ஒருவர் முந்த மற்றவர் எட்டிப் பிடிக்க, நாலாம் பகுதி தொடங்கும்போது நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அப்போது ஜெவோன் விழுந்தான். எழுந்திருக்க நேரமானது. ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு எழுந்து, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தான். நான் மூடியைத் தட்டினேன்.

"இருபது!"

ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கோச் திரும்பி என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். எதிர்ப்பக்கத்தில் மார்ஸோ கோச் கையைத் தூக்கினார். ஜெவோனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவனை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். அவர்களில் யாரும் தனியாக எண்ணிப் பார்க்கவில்லை. ஊரே சத்தமாக எண்ணித் தரும்போது யார்தான் எண்ணுவார்கள்.

எங்கள் கோச் அவசரப்படவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பந்து தியோவிடம் போனது, மறுபடியும் தியோவிடம் போனது. தியோ அடி வாங்கிக்கொண்டு ஓரிரண்டு கஜம் பிடித்தான். ஜெவோன் ஓரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த ஏமாற்று வேலையிலும் அவன் கெட்டிக்காரன்தான்.

"அவனுக்குக் கொடுங்கடா!" என்று அண்ணன் பல்லைக் கடித்தார். "வயிறு எரியுது எனக்கு."

பந்து மார்ஸோவிடம் போய் எங்களிடம் திரும்பி வந்தபோது ஆட்டம் முடியச் சொற்ப நேரமே இருந்தது. அப்போதும் அதே ஒரு புள்ளிதான் முன்னிலை. கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் வாய்ப்புகளை மார்ஸோக்காரர்கள் எல்லாம் தீர்த்துவிட்டிருந்தார்கள். நாங்கள் இன்னும் ஆறு கஜம் முன்னேறினால் பந்து எங்களிடமே இருக்கும், நேரத்தை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முன்னேறாவிட்டால் பந்தை அவர்களுக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பையன்கள் களைத்திருந்த களைப்பில் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மூடியை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

ரெமி பந்தை வாங்கினான். தியோ பாய்ந்து வந்தான். ரெமி அவன் வயிற்றில் பந்தை வைத்தான், அல்லது வைத்ததுபோல் காட்டினான். தியோ இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்தான். மார்ஸோவின் பாதி அணி அவன்மேல் விழுந்தது. பக்கத்தில் ப்ரூசார் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார், "ஒண்ணு."

பந்து ஜெவோன் கையில் இருந்தது.

அவன் கோட்டோரமாக வளைந்து ஓடினான். ஆறு கஜம் தாண்டினான், பத்து தாண்டினான். அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. மார்ஸோக்காரர்கள் தியோவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பந்து இல்லை என்று தெரிந்து தலையைத் தூக்கியபோது என் பையன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். முன்னால் வெறும் புல். அதற்கப்பால் கடைசிக் கோடு. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. என் அண்ணன், முழங்கால் மடங்காத என் அண்ணன், என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினார். "போடா! போ! போ! போ!"

நானும் கத்தினேன். எண்ணவில்லை, எதையும் யோசிக்கவில்லை. எல்லோரையும்போல் "ஓடு, ஓடு" என்றுதான் கத்தினேன்.

கோட்டுக்கு நாலைந்து கஜம் இருக்கும்போது ஜெவோன் ஓட்டத்தைக் குறைத்தான். திரும்பிப் பார்த்தான். யாரும் நெருங்கவில்லை. பிறகு கட்டிலில் உட்காருவதுபோல் நிதானமாகப் புல்லில் உட்கார்ந்து, பந்தின்மேல் குப்புறச் சாய்ந்துகொண்டான்.

கூட்டம் வாயடைத்துப்போனது. யாரோ ஒருவர் "கால் போச்சா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கீழே கோச் எபேர் தொப்பியைத் தரையில் அடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லத்தான் எங்களுக்குப் புரிந்தது. கோட்டைத் தாண்டியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், புள்ளியும் கூடியிருக்கும். ஆனால் பந்து மார்ஸோவிடம் போயிருக்கும், எட்டிப் பிடிக்க அவர்களுக்கு நேரமும் மிச்சம் இருந்தது. உட்கார்ந்ததால் பந்து எங்களுடையது, நேரமும் எங்களுடையது. ரெமி பந்தை வாங்கி, ஓடாமல், நேரம் கழிய அங்கேயே முழங்காலிட்டான். மறுபடி வாங்கி முழங்காலிட்டான். கடிகாரம் ஓடித் தீர்ந்தது.

எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ப்ரூசார் என் மூடியைப் பிடுங்கி நடனமாடினார். அண்ணன் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கண் அந்தக் கடைசிக் கோட்டின்மேலேயே இருந்தது.

"கோடு கண்ணுக்கு முன்னால இருந்துச்சு, வெர்," என்றார். "நானா இருந்தா தாண்டியிருப்பேன். காலு ஒடிஞ்சாலும் தாண்டியிருப்பேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் என் வாழ்நாள்ல ஒரு தடவைகூட நானா விழுந்ததில்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பிறகு அவர் கையை அப்படிப் பிடித்ததாக ஞாபகம் இல்லை. அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஜெவோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலியோரம் வந்தான். முகமெல்லாம் புல்லும் வேர்வையும். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"ஏன்டா உக்காந்த?" என்று கேட்டேன். "கோச் சொன்னாரா?"

"இல்ல."

"ரெமி சொன்னானா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா," என்றான். "ஓடிட்டு இருக்கும்போது போதும்னு தோணுச்சு, உக்காந்துட்டேன். வா, பசிக்குது."

யாரும் சொல்லவில்லையாம். வேலியைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க அழுதேன். அந்த வருஷம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியது அவன் வாயிலிருந்து 'போதும்' என்ற இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான்.